சரக்கு விவரம்: கல்

சாஸ்கட்டூன் விமான நிலையம், சரக்குப் பிரிவு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
படிவத்தில் ஒரெஸ்ட் எழுதினான்: கல்,
இருபத்திரண்டு கிலோ.
முகப்பிலிருந்த பெண் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
"கல்லையா விமானத்தில் வரவழைத்தாய்?"
நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை.
மே மாதம் மண் இளகும்போதெல்லாம்
நிலம் மேலே தள்ளும் கற்களைப்
பொறுக்கிப் பொறுக்கி
வயல் மூலையில் குவித்த குடும்பம் என் கணவனுடையது.
வந்து அள்ளிக்கொண்டு போகிறவருக்குக்
காபியும் கொடுப்பார் என் மாமனார்.

நான் டிரக்கை ஓட்டினேன்.
அவன் பெட்டியை மடியில் வைத்து
அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டான்.
ஹீட்டரை முழுக்கத் திருகினான்.
கல்லுக்குக் குளிரக் கூடாதாம்.

நிலவறையில்
உப்பு கலந்து மூன்று நாள் சுழன்ற நீர் காத்திருந்தது.
ஈரச் செய்தித்தாளைப் பிரித்தான்.
வாடை படியேறி வந்தது.
"யார் செத்தது?" என்றேன்.
"கொஞ்சம் பேர்" என்றான்,
குழைந்துபோன கடற்பஞ்சைப் பழைய பல்பிரஷால் தேய்த்தபடி.

பிறகு வெறுமனே காத்திருப்பு.
சோதனைக் குழாயில் அம்மோனியா கரும்பச்சை,
மறுவாரம் இளம்பச்சை,
ஐந்தாம் வாரம் மஞ்சள்.
குழாயை எனக்கு நீட்டிக் காட்டினான்,
பள்ளிக்கூடத்தில் பாஸான பையனைப்போல.

பொட்டாஷ் சுரங்கத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பவள் நான்.
ஆளைப் பார்த்தால் பெயர்ப்பட்டியல் எழுதாமல் இருக்க வராது.
சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு
ராத்திரி பதினொன்றுக்கு இறங்கிப் போவேன்.
கல்லுக்குள் தேரையா?
ஒரு தெருவே குடியிருந்தது.
உடம்பைக் காட்டாமல் கைகளால் மட்டும்
மணலைத் துழாவும் நட்சத்திரம்.
பஞ்சுமுள் புழு (ஒரெஸ்டின் கட்டைவிரல் இரண்டு நாள் எரிந்தது).
என் நிழல் பட்டதும் விசிறியை உள்ளே இழுத்துக்கொள்ளும்
கூச்சக்காரி ஒருத்தி.
ஊதா நிறம் தேமலாகப் பரவிக்கொண்டிருந்தது.
யாரையும் நாங்கள் வேலைக்கு எடுக்கவில்லை.

டக்.

முதலில் உலை என்று நினைத்தோம்.
ஒரெஸ்ட் அதன் மூடியைக் கழற்றி மாட்டினான்.
டக். டக்.
காலையில் நத்தை ஓடுகள் காலியாகக் கிடந்தன,
உதடு உடைந்து.
அறுபது டாலருக்கு வாங்கிய கோபி மீன் இரண்டில்
ஒன்றைக் காணோம்.

கடைக்கார ஆம்ப்ரோஸ் வழி சொன்னார்:
கல்லை வெளியே எடு,
ஓட்டைக்குள் சோடா ஊற்று, வெளியே வருவான்.
வந்தவனை என்ன செய்வது
என்பதைச் சொல்லாமலே சொன்னார்.

வந்தான்.
விரல் நீளம், பாசிப் பச்சை,
கும்பிடுபூச்சியின் கைகள், கும்பிட்டபடியே ஒரு சம்மட்டி.
காம்பில் நிற்கும் கண் ஒன்று ஒரெஸ்டைப் பார்க்க,
மற்றது என் பக்கம் திரும்பியது.
வாளிக்குள் விழுந்ததும்
பிளாஸ்டிக்கை ஒரு தட்டு தட்டினான்.
டக்.
பதினோரு ராத்திரி நான் எண்ணிய சத்தம்.
என் கணக்கில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு வரி இருந்தது.

"மிச்ச மீனைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றேன்.
ஒண்டவந்த பிடாரி எது என்று
ஒரெஸ்ட் கேட்கவில்லை.
நல்ல மனிதன்.

மே மாதம்.
கொழுந்தன் மெத்ரோ டிராக்டரில், நாங்கள் பின்னால்,
கல் பொறுக்கினோம்.
ரொட்டியளவு கல் ஒன்றைத் தூக்கிய ஒரெஸ்ட்
புரட்டி அடியில் பார்த்தான்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்,
காதருகே கொண்டுபோனான்.
"என்னடா தேடுகிறாய்?"
"ஒன்றுமில்லை."
எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்தான்.

அந்த வருடம் விதைப்பு இயந்திரத்தில்
ஒரு பல் உடைந்தது.
மெத்ரோவிடம் நான் வாயைத் திறக்கவில்லை.